தேய்வதற்கென்று ஒன்று

பாகூர்த் தம்பிக்கு,

உன் கடிதத்தை 'சைக்கிள் அண்ணே' என்று ஆரம்பித்திருந்தாய். அந்த உரிமையில் நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். கடிதத்தோடு பின் சக்கரத்தின் படம் ஒன்றையும் வைத்திருந்தாய். எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தேன். ஹப்பின் இடது விளிம்பு, அரம் போட்டு ராவியதுபோல் பாதி வட்டத்துக்கு வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. மூன்று போக்ஸ் கம்பிகளின் கழுத்தில் வெட்டு. ஒன்று அறுந்து ரிம்மிலிருந்து தொங்குகிறது. "ஹப் கார்டு என்று ஒன்று இருக்கிறதாமே, போட்டால் சரியாகிவிடுமா? எப்படிப் போடுவது? நம் ஊரில் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு வேறு சிலரும் கடைக்கு வந்ததால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன். உன் அம்மாவையும் படிக்கச் சொல். அவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது.

சைக்கிளை உன் மாமா பாரிசிலிருந்து அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார் என்று எழுதியிருந்தாய். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் முன்பெல்லாம் சென்ட்டு பாட்டிலும் சாக்லெட்டும் வரும். இப்போது பிஎம்எக்ஸும் வருகிறது. வந்த சைக்கிளில் ஏதாவது ஒன்று உடைந்த பிறகு அது வில்லியனூருக்கு, என் கடைக்கு வருகிறது. இந்தச் சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அப்படி உடைந்து வந்தவற்றிடம் கற்றதுதான்.

பிஎம்எக்ஸ் பிறந்தது அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில். பெரியவர்கள் மண்மேட்டில் மோட்டார் பைக் பந்தயம் விடுவதைப் பார்த்த பொடியன்கள், 20 அங்குலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே மேட்டில் போய்க் குதித்தார்கள். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பந்தயம் நுழைந்தது. வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தது. 2024-இல் உன் மாமா ஊரில், கான்கார்ட் சதுக்கத்தில் மேடை கட்டி அதை நடத்தினார்கள். அந்த ஒலிம்பிக்கில் ஆண்கள் பிஎம்எக்ஸ் பந்தயத்தின் மூன்று பதக்கங்களையும் பிரான்ஸே வாரிக்கொண்டது. ஆனால் உன் ஹப்பைத் தின்ற வித்தை பந்தயத்தில் வருவதில்லை. அது தெருவில் பிறந்தது. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்டு, பாலத்துச் சுவர் இவைதான் அதற்கு மைதானம்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. சக்கரத்தின் நடு உருளைக்குப் பெயர் ஹப், அதன் ஊடே போகிற அச்சுக்குப் பெயர் ஆக்ஸில். ஆக்ஸிலின் முனையில் மாட்டுகிற நாலு அங்குலக் குழாய்க்குப் பெயர் பெக். நம் ஊரில் அதன்மேல் தம்பியை நிற்கவைத்து டபுள்ஸ் போவோம். இந்தப் பையன்கள் வேகமாக வந்து, சைக்கிளோடு எகிறி, பெக்குகளை ஒரு திண்டின் விளிம்பில் இறக்கி, அதன்மேலேயே சறுக்கிக்கொண்டு போகிறார்கள். அதுதான் கிரைண்ட். நம் வீட்டுக் கிரைண்டரில் மாவு அரைபடும். இதில் சைக்கிள் அரைபடுகிறது.

அரைபடுவது ஏன் ஹப் என்று கேட்டிருந்தாய். பெக் திண்டின்மேல் உட்காருகிறது. சக்கரம் திண்டுக்கு வெளியே தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சட்டத்தின் முனையும், அதை அடுத்து ஹப்பின் விளிம்பும், அந்த விளிம்பில் கோத்த கம்பிகளின் தலைகளும். சைக்கிள் நேராகச் சறுக்கினால் வம்பில்லை. கொஞ்சம் சரிந்துவிட்டால் திண்டின் முனை பெக்கைத் தாண்டி, சட்டத்தையும் தாண்டி, ஹப்பில் போய்ப் பல் பதிக்கும். முன் சக்கரத்தைத் திண்டின்மேல் ஓடவிட்டு, பின் பெக்கை மட்டும் விளிம்பில் தேய்க்கிற ஃபீபிள் கிரைண்டில் இது இன்னும் மோசம். சைக்கிளின் பின்பக்கம் தாழ்ந்து சரிவதால், தடவைக்குத் தடவை ஹப் கல்லைத் தொடும். அதையே தலைகீழாக்கி, முன் பெக்கை விளிம்பிலும் பின் சக்கரத்தைத் திண்டின்மேலும் வைத்தால் ஸ்மித். அப்போது அடி முன் ஹப்புக்கு. உன் படத்தைப் பார்த்தால் நீ ஃபீபிள் பிரியன் என்று தெரிகிறது.

போக்ஸ் கம்பியின் தடிமன் 2 மி.மீ. இப்படிப்பட்ட சக்கரத்தில் வழக்கமாக 36 கம்பி இருக்கும். ஹப்பின் ஓட்டையில் நுழைந்து கொக்கிபோல் வளைகிற கழுத்துதான் அதற்கு நோஞ்சான் இடம். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கழுத்து ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகும். 20 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 650 சுற்று. கல்லில் பட்ட வெட்டு நகத்தளவுகூட இருக்காது. ஆனால் இந்த இழுபறியில் நாளுக்கு நாள் ஆழமாகும். கிரைண்ட் செய்யும்போது கம்பி அறுந்தால் காரணம் புரியும். நீ எழுதியிருப்பதுபோல், அப்பாவுக்கு வெற்றிலை வாங்கப் போகிற வழியில் சும்மா ஓட்டும்போது அறுந்தால் கம்பியின்மேல் பழி விழுகிறது. கம்பி ஒரு வாரமாகவே அறுந்துகொண்டுதான் இருந்தது.

கம்பியை மாற்றிவிடலாம். கோட்டம் எடுத்துவிடலாம். ஹப்பின் விளிம்பு தேய்ந்து ஓட்டை வாய்திறந்துவிட்டால் அப்புறம் ஹப்பையே மாற்ற வேண்டும். அதற்காக 36 கம்பியையும் பிரித்துப் புதிதாகக் கோக்க வேண்டும். உலக்கை தேய்ந்து உளிப்பிடியான கதைதான். உலக்கை அப்படி ஆகக்கூடாது என்றுதானே அதன் முனைக்கு இரும்புப் பூண் போட்டார்கள்? ஹப் கார்டு அந்தப் பூண்தான்.

என் தாத்தா அரியூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றி வண்டி ஓட்டியவர். தார்ச்சாலையில் பாரம் இழுக்கிற மாட்டுக்கு லாடம் அடிக்காமல் விடமாட்டார். மதகடிப்பட்டுச் சந்தைப் பக்கம் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து அடிப்பார்கள். தேய்ந்த பழைய லாடத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா உழைச்சிருக்கு" என்பார். பாராட்டு லாடத்துக்கு. அது தேய்ந்த அளவு குளம்பு தேயாமல் தப்பியது என்று அவருக்குக் கணக்கு.

வைகாசியில் எங்கள் திருக்காமீசுவரர் தேருக்கு நீயும் வந்திருப்பாய். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்களுடைய கவர்னர் வடம் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். கூட்டம் வடத்தைப் பார்க்கும். நான் சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்ப்பேன். அத்தனை பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்தக் கட்டைதான். தேர் நிலைக்கு வந்தபிறகு ஒரு கட்டையை எடுத்துப் பார். நார் நாராகக் கிழிந்து, சூட்டில் கருகியிருக்கும். அடுத்த வருஷத்துக்கு வேறு கட்டை செதுக்குவார்கள். தேர்ச்சக்கரத்தை வருஷா வருஷம் செய்ய முடியாது.

இனி வேலைக்கு வருவோம்.

கார்டு வாங்குவதற்கு முன் உன் சைக்கிள் எந்த ரகம் என்று பார். மாமா கொண்டுவந்தது அசல் என்றால் பின் ஆக்ஸில் 14 மி.மீ. இருக்கும். நம் கடைகளில் பிஎம்எக்ஸ் மாதிரி சாயம் பூசி விற்கிற பிள்ளைகள் சைக்கிளில் ஆக்ஸில் முக்கால்வாசி 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மி.மீ. தான். பார்வைக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். ஒரே எஃகில் செய்திருந்தாலும் 14 மி.மீ. ஆக்ஸில் வளையாமல் தாங்குகிற பலம் மூன்று மடங்குக்கு மேல். மெல்லிய ஆக்ஸிலில் பெக் மாட்டித் திண்டில் குதித்தால் ஆக்ஸில் வளையும், கோன் தேயும், பால்ரஸ் நொறுங்கும். அந்தச் சைக்கிள்காரர்கள் கார்டு கேட்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஆக்ஸில் தாங்காத சக்கரத்தில் கார்டு மட்டும் என்ன செய்யும்?

அடுத்து, எந்தப் பக்கம் தேய்க்கிறாய் என்று பார். உன் படத்தில் தேய்ந்திருப்பது இடதுபக்கம். நல்லதாயிற்று. செயின் வலதுபக்கம் இருப்பதால் இடதுபக்கக் கார்டு எளிது. கம்பித் தலைகளை மூடினால் போதும். வலதுபக்கத்தில் தேய்க்கிறவர்களுக்குக் கார்டு, பின் பல்சக்கரத்தையும் அதைச் சுற்றி ஓடும் செயினையும் சேர்த்து மறைக்க வேண்டும். அசல் பிஎம்எக்ஸில் பின்னால் 9 பல்தான். செயினோடு சேர்த்தாலும் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். நம் சாதாரண 18 பல் ஃப்ரீவீல் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை மறைக்கத் தட்டு மாதிரி கார்டு வேண்டும். அந்தக் காலத்து பிஎம்எக்ஸில் முன்னால் 44, பின்னால் 16 பல். இன்று முன்னால் 25, பின்னால் 9. கணக்குப் போட்டுப் பார், மிதிக்கிற பளு ஏறக்குறைய அதேதான். பல்லைச் சிறிதாக்கியதால் எடை குறைந்தது. கல்லில் இடிக்கிற இரும்பும் குறைந்தது. நாலு பக்கமும் பெக் போட்டுக்கொண்டு திரியாதே. இடதுபக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு போதும். கார்டும் இரண்டு போதும்.

கார்டு மூன்று விதமாக வருகிறது: எஃகு, அலுமினியம், நைலான். எஃகு நெடுநாள் உழைக்கும், எடை கூடுதல். அலுமினியம் இலேசு, சீக்கிரம் தேயும். நைலான் சொரசொரப்பான சிமெண்ட்டில் நன்றாக வழுக்கும். இதில் நீ பார்க்க வேண்டியது பெக்கும் கார்டும் ஒத்துப்போகிறதா என்பது. பெக்கின்மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் கார்டும் நைலானாக இருக்கட்டும். பெக் வழுக்கிக்கொண்டு போகும்போது எஃகுக் கார்டு கல்லைக் கவ்விப் பிடித்தால், சைக்கிள் அந்த இடத்தில் நின்று திரும்பும். நீ நிற்காமல் முன்னால் போவாய்.

நைலான் கார்டு வாங்கும்போது நடு ஓட்டையைப் பார். உலோக வளையம் பதித்திருக்க வேண்டும். நட்டை முடுக்குகிற அழுத்தம் நேராக நைலானில் விழுந்தால் அது மெல்ல நசுங்கிக் கொடுக்கும். இன்று இறுக்கமாக இருக்கிற நட்டு நாளைக்குத் தளரும்.

போடுகிற முறை இது. சைக்கிளைச் சாக்கின்மேல் தலைகீழாக வை. பின் நட்டுக்கு 17 மி.மீ. ஸ்பானர், சிலவற்றுக்கு 19. முன் நட்டுக்கு 15. பெக் குழாயின் உள்ளே நட்டு ஆழத்தில் இருப்பதால் நீள சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் ராடும் வேண்டும். வாஷர், பெக், செயின் இறுக்கி எல்லாம் எந்த வரிசையில் கழன்றுவருகின்றன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள். இந்தப் படத்தை எடுக்காமல், கழற்றிய சாமானைச் சட்டியில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்து "அண்ணே, மாட்டிக் கொடுங்க" என்பவர்கள்தான் என் கடைக்கு லாபம்.

சக்கரத்தை வெளியே எடுத்து, ஆக்ஸில் மரையை மண்ணெண்ணெய்த் துணியால் துடை. விரலால் ஆக்ஸிலைச் சுழற்றிப் பார். பேரிங் கரகரத்தால் முதலில் அதைக் கவனி. வெட்டுப்பட்ட கம்பிகளை இப்போதே மாற்றிவிடு. கார்டு போட்டபின் அந்தப் பக்கம் கம்பி மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். பிறகு கார்டை ஆக்ஸிலில் நுழை. வரிசையை மனதில் வைத்துக்கொள்: ஹப், பேரிங், கோன், கார்டு, சட்டம், பெக், வாஷர், நட்டு. கார்டின் நடுவில் ஒரு மேடு இருக்கும். அந்த மேடு கோனைத்தான் தொட வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது. கோனும் கார்டும் சட்டமும் ஆக்ஸிலும் ஒரு கட்டாக அசையாமல் நிற்கும். ஹப் மட்டும் உள்ளே சுற்றும். நிற்பது சுற்றுவதைத் தொட்டால் வேலை கெட்டது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதன்முதலில் ஒரு பையனுக்குப் போட்டுக்கொடுத்த கார்டின் மேட்டை வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டேன். நட்டு முடுக்குவதற்கு முன் சக்கரம் காற்றாடியாகச் சுற்றியது. முடுக்கியபின் மூன்று சுற்று சுற்றி, 'கர்ர்' என்று இழுத்துக்கொண்டு நின்றது. புது பேரிங், கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும் என்று நானே ஒரு காரணம் சொல்லி அனுப்பிவிட்டேன். அரைமணி நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். ஹப்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கழற்றினால் பேரிங்கின் தூசிமூடி வழித்தெடுத்த மாதிரி கார்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேரிங்குக்கும் கூலிக்கும் நான் அவனிடம் காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து நட்டை முடுக்கியபின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன்.

கார்டுக்கும் கம்பித் தலைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். இரண்டு ஏடிஎம் அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைத்துப் பார். நுழைந்து ஒரு சுற்று சுற்றிவந்தால் சரி. பின் சட்டத்தின் இரண்டு காலுக்கும் நடுவில் 110 மி.மீ. இருக்கும். கார்டு வந்ததும் சக்கரம் அதற்குள் நுழையாது. அதற்காகச் சட்டத்தைக் காலால் மிதித்து அகட்டாதே. கோனுக்கு மேல் உள்ள வாஷரையோ பூட்டு நட்டையோ எடுத்துவிட்டு, அந்தத் தடிமனுக்குக் கார்டின் மேடு வருகிற மாதிரி பார்த்துக்கொள். முன் ஆக்ஸில் மெல்லியது, 14 மி.மீ. ஓட்டையுள்ள பெக்கை அதில் மாட்டும்போது நடுவில் உறைவளையம் போட மறக்காதே. செயின் ஒரு சென்டிமீட்டர் ஆடட்டும். இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒருமுறை முடுக்கு.

கடையில் கிடைக்குமா என்றால், புதுச்சேரியில் தேடி அலையாதே. ஒடிசி, ஜி-ஸ்போர்ட் மாதிரி கம்பெனிச் சரக்கை மாமா அடுத்த லீவுக்கு வரும்போது கொண்டுவரட்டும். ஹப்பின் பெயரையும் ஆக்ஸில் தடிமனையும் அவருக்கு எழுதி அனுப்பு. அதுவரை காத்திருக்க முடியாது என்றால் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போ. ஊட்டி அடிவாரத்து மேட்டுப்பாளையம் இல்லை, நம் மேட்டுப்பாளையம். ஏதாவது ஒரு லேத் பட்டறையில் ஹப்பையே கொண்டுபோய்க் காட்டு. வாயால் அளவு சொல்லாதே. வெர்னியரில் அவர்களே அளப்பார்கள். கேட்க வேண்டியது நாலு விஷயம்: நடுவில் 14 மி.மீ. ஆக்ஸில் ஆடாமல் நுழையும் எஃகு புஷ். அதன்மேல் அழுத்தி ஏற்றிய கறுப்பு நைலான் வளையம். ஹப்பின் விளிம்பைவிட நாலைந்து மி.மீ. பெரிய வட்டம், வெளி ஓரம் கிண்ணம் கவிழ்த்ததுபோல் சரிவு. சரிவு இல்லாமல் செங்குத்தாக விட்டால் அந்த ஓரமே கல்லில் மாட்டும். நீ சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை என்றால், "உலக்கைக்குப் பூண் மாதிரி" என்று சொல். புரிந்துவிடும்.

போட்டாயிற்று. இனி பராமரிப்பு. வாரம் ஒருமுறை நட்டைப் பார். கார்டு ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும். நட்டைத் தளர்த்திக் கால் சுற்று திருப்பி வைத்தால் புது இடம் கிடைக்கும். ஒரு கார்டை இப்படி மூன்று தடவை திருப்பலாம். பெக்கையும் அதேபோல் திருப்பு. விரிசல் கண்டால் யோசிக்காமல் மாற்று. எஃகுக் கார்டின் ஓரத்தில் பிசிறு கிளம்பினால் அரத்தால் வழித்துவிடு. இல்லாவிட்டால் அடுத்த தடவை அது உன் கெண்டைக்காலை வழிக்கும்.

இத்தனையும் உன் பக்கத்துக் கணக்கு. எதிர்ப்பக்கத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது, தம்பி. கார்டு போட்டபின் ஹப் தேயாது. கல்? அது தேயத்தான் செய்யும். நீ மெழுகு தடவித் தேய்ப்பதாக எழுதியிருந்தாய். மெழுகு தடவினால் வழுக்கும், உண்மைதான். மாதா கோயில் வாசலில் வாங்கிய மெழுகுவர்த்தி ஒன்று ஒரு வாரத்துக்கு வரும். ஆனால் பஸ் நிறுத்தத்துத் திண்டில் நீ தடவிவிட்டுப் போன மெழுகின்மேல் மத்தியானம் ஒரு பாட்டி கூடையோடு வந்து உட்காருவாள். சேலை போனால்கூடப் பரவாயில்லை. எழுந்திருக்கும்போது கால் வழுக்கினால்? திண்டு அவள் உட்காருவதற்காகக் கட்டியது.

உங்கள் பாகூரில் இரண்டு விதமான கல்வெட்டு உண்டு. கொம்யூன் பஞ்சாயத்து வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டிய சின்னப் பாலத்துக்கும் நம் ஜனங்கள் வைத்திருக்கிற பெயர் கல்வெட்டு. மூலநாதர் கோயிலில் சோழர் காலத்து எழுத்தைச் சுமந்து நிற்பதும் கல்வெட்டு. இரண்டாவதன் பக்கம் சைக்கிளைக் கொண்டுபோக மாட்டாய் என்று நம்புகிறேன். ஆயிரம் வருஷம் மழையிலும் வெயிலிலும் தேயாமல் நின்ற எழுத்தை ஒரு பெக் ஒரு சாயங்காலத்தில் அழித்துவிடும். முதலாவதும் இளக்காரமில்லை. செங்கல் கட்டி மேலே சிமெண்ட் பூசிய சுவரின் முனை, நாலு தடவை இரும்பு பட்டால் பொரிந்து கொட்டும். பொரிந்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கும். அந்த வாய்க்கால்தான் ஏரித் தண்ணீரை உங்கள் வயலுக்குக் கொண்டுபோகிறது. குளத்துப் படிக்கட்டுக்கும் இதே நியாயம்தான், அது கோயில் குளமானாலும் மாதா குளமானாலும்.

பிறகு எங்கே தேய்ப்பது? நீயே ஒரு திண்டு செய். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்தில் ரீப்பர் கட்டையால் ஒரு பெட்டி. மேலேயும் பக்கவாட்டிலும் தடித்த ப்ளைவுட். முன் விளிம்பு நெடுக 50 மி.மீ. இரும்பு ஆங்கிள். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். திருகுகளின் தலை ஆங்கிளுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும் பெக் அதில் மாட்டும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். உங்கள் ஊர்ப்பக்கம் சிமெண்ட் போட்ட நெற்களங்கள் இருக்கின்றனவே, அறுப்பு இல்லாத நாளில் அதைவிட நல்ல மைதானம் கிடைக்காது. களத்துக்காரரிடம் கேட்டுக்கொள். நெல் காய்கிற நாளில் அந்தப் பக்கமே போகாதே. அங்கே போட்ட திண்டை அங்கேயே விட்டுவிட்டும் வராதே. ஆங்கிள் எதற்கு என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும். சக்கரத்துக்குக் கார்டு எப்படியோ, அப்படித் திண்டுக்கு ஆங்கிள். தேய்க்கிறவன் இரண்டு பக்கத்துக்கும் பூண் கட்டிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

அம்மாவுக்கு நான் சொல்ல நினைத்த சேதி இது. உங்கள் பிள்ளை சக்கரத்துக்கு ஒரு கார்டு கேட்டிருக்கிறான். தலைக்கு ஒன்று கேட்கவில்லை. அதை நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கிற தெர்மோகோல் மாதிரிச் சரக்கு, அடி விழும்போது தான் நசுங்கி மண்டையைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. அதனால் ஒரு பலமான அடிக்குப் பிறகு, வெளியே பார்க்கப் புதிதாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். "இப்பத்தானே வாங்கினோம்" என்று திட்டாதீர்கள். அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

தம்பி, கடைசியாக ஒன்று. முதல் கார்டு தேய்ந்து முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதே. வில்லியனூர்ப் பக்கம் வரும்போது சட்டைப்பையில் போட்டு எடுத்து வா. வட்டம் முழுக்கச் சீராகத் தேய்ந்திருந்தால் சொன்னபடி திருப்பி வைத்தாய் என்று அர்த்தம். ஒரே பக்கம் பள்ளமாக இருந்தால் என் கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டாய். சரிவு வழவழப்பாக இருந்தால் ஆங்கிளில் தேய்த்திருக்கிறாய். பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தால் எந்தக் கல்வெட்டுச் சுவர் என்று நானே வந்து பார்ப்பேன்.

அன்புடன்,
வில்லியனூர் சைக்கிள் கடை அண்ணன்